நெய் டின் திறப்பதற்கு முன்: கல்யாணச் சமையல்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கல்யாண சமையல் காண்ட்ராக்டர்களுக்கும், மாஸ்டர்களுக்கும், பந்தியில் வாளி தூக்கும் தம்பிகளுக்கும்,

வணக்கம். பால் புரதம் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளின் பெற்றோரும், வளர்ந்த பிறகும் அது விடாத சில பெரியவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். முகூர்த்த நாளில் உங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது என்று தெரியும். அதனால் தனி மெனு கேட்கவில்லை, தனி அடுப்பும் கேட்கவில்லை. ஒரு தூக்குதான் கேட்கிறோம். நெய் டின் திறப்பதற்கு முன்னால் சாம்பாரிலும் ரசத்திலும் கூட்டிலும் ஆளுக்கு இரண்டு கரண்டி எடுத்து மூடி வைக்க ஒரு தூக்கு.

"இதில் பால் இருக்கா?" என்று கேட்டால் மண்டபத்துச் சமையலறையில் பெரும்பாலும் இரண்டு பதில்கள் வரும். ஒன்று, "இல்லீங்க, சுத்த சைவம்." இன்னொன்று, "பாலெல்லாம் இல்லீங்க, கொஞ்சம் நெய்தான்." இரண்டுமே நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் முதல் பதில் கேள்விக்கே சம்பந்தமில்லாதது. பாலும் தயிரும் வெண்ணெயும் சைவம்தானே. இரண்டாவது பதில்தான் எங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பால் குடித்தால் வயிறு உப்புசம், பேதி என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிப்பதில்லை. தயிரோ, காபியில் கொஞ்சம் பாலோ அவர்களில் பலருக்குத் தாங்கும். நெய்யால் பிரச்சினையே இல்லை. எங்கள் விஷயம் வேறு. எங்கள் உடம்பு பாலில் உள்ள புரதத்தையே எதிரியாக நினைத்துச் சண்டைக்குப் போகிறது. சிலருக்குச் சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, இளைப்பு. முற்றினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. இன்னும் சிலருக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். விடாமல் வாந்தி எடுப்பார்கள், மலத்தில் ரத்தம் போகும். இந்த இரண்டாவது வகையை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள், அதற்குள் பந்தி முடிந்து எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். "நம்ம சாப்பாட்டில் யாருக்கும் ஒண்ணும் ஆனதில்லை" என்ற நம்பிக்கை பாதி இப்படித்தான் உண்டாகிறது.

லாக்டோஸ் நீக்கிய பால் எங்களுக்கு உதவாது, அதில் புரதம் அப்படியே இருக்கிறது. எருமைப் பாலும் ஆட்டுப் பாலும் அப்படியே. பசும்பாலின் புரதத்துக்கு இவை நெருங்கிய சொந்தம், ஒன்று ஒத்துக்கொள்ளாதவர்களில் பெரும்பாலோருக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாது. "நாட்டு மாட்டுப் பால்தான்" என்பதும் பதில் இல்லை.

இந்தப் புரதம் என்ன என்பது உங்களுக்குக் கண்ணால் பார்த்துப் பழக்கம். பனீருக்குப் பாலைத் திரிக்கிறீர்களே, அப்போது கட்டியாகத் திரள்வது கேசீன். மேலே தெளிந்து நிற்கும் இளம்பச்சைத் தண்ணீரில் இருப்பது வே புரதம். பால் புரதத்தில் சுமார் 80 சதவீதம் கேசீன், மீதி 20 வே. கேசீன் கொதிக்கும் சூட்டுக்கு அசையாது. நன்றாகச் சுண்டக் காய்ச்சிய பால் பாயசமும் எங்களுக்குப் பால்தான். பனீர் எடுத்த தண்ணீரைக் கீழே கொட்ட மனமில்லாமல் சப்பாத்தி மாவு பிசைவதும் குருமாவில் விடுவதும் உண்டல்லவா? சிக்கனம் என்ற வகையில் நல்ல பழக்கம்தான். ஆனால் "சப்பாத்தியில் கோதுமை மாவு, உப்பு, எண்ணெய், தண்ணீர் மட்டும்தான்" என்று நீங்கள் சத்தியம் செய்யும்போது அந்தத் 'தண்ணீர்' என்னவென்று நாங்கள் கேட்க வேண்டியிருக்கிறது.

நெய்யில் 99 சதவீதத்துக்கு மேல் கொழுப்புதான். மிச்சத்தில் கொஞ்சம் புரதம் தங்கியிருக்கும். வெண்ணெய் உருக்கும்போது அடியில் பொன்னிறமாகப் பிடிக்கும் கசண்டு இருக்கிறதே, அதில் வறுபட்ட பால் புரதம் நிறைய இருக்கிறது. முருங்கைக்கீரை போட்டு இறக்கி, வடிகட்டாமல் கசண்டோடு ஊற்றும் வீட்டு நெய்யில் ஆபத்து இன்னும் அதிகம். அளவு எவ்வளவு என்று பாருங்கள். 100 மில்லி பாலில் சுமார் 3.3 கிராம் புரதம். ஒரு சொட்டு 0.05 மில்லி என்று வைத்தால் அதில் 1.6 மில்லிகிராம் வரும். உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு பால் புரதத்துக்கு எச்சரிக்கை அளவாகச் சொன்னது 2 மில்லிகிராம். பால் ஒவ்வாமை உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் ஐந்து பேருக்கு அந்த அளவிலேயே உடம்பில் மாற்றம் தெரியும். ஆக, 'ஒரு சொட்டு' என்பது பேச்சுக்குச் சொல்வது அல்ல.

நல்ல செய்தியும் இருக்கிறது. நம் ஊர்ச் சமையலில் பால் சேர்வது பெரும்பாலும் கடைசி நிமிடத்தில். வடநாட்டுக் குழம்புகள் போல வெண்ணெயில் ஆரம்பித்துக் கிரீமில் முடிவதில்லை. சாம்பார் கொதித்து இறங்கும்வரை அதில் பால் சமாச்சாரம் எதுவும் கிடையாது. நெய்யில் தாளித்துக் கொட்டும்போதுதான் வருகிறது. ரசமும் அப்படித்தான். கூட்டு, பொரியல், உருளைக்கிழங்கு வறுவல், காரக்குழம்பு, வத்தக்குழம்பு எல்லாம் எண்ணெயோடு நின்றுவிடுபவை. வெந்த பருப்பில் நெய் விடுவதற்கு முன் இரண்டு கரண்டி எடுக்கலாம். வெண்பொங்கல் என்றால் குழைய வெந்ததும் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அதற்கு மட்டும் மிளகு, சீரகம், இஞ்சி, முந்திரியை நல்லெண்ணெயில் தாளித்துப் போடலாம். அரை லிட்டர் பொங்கலுக்கு இரண்டு மேஜைக்கரண்டி நல்லெண்ணெய் போதும், ருசியும் மோசமில்லை. அவியலில் தயிர் இறக்கும்போதுதானே சேர்க்கிறீர்கள்? அதற்கு முன் தேங்காய் அரைத்துவிட்ட நிலையில் எடுத்துவிடலாம். புளிப்புக்கு அரைக்கும்போதே ஒரு துண்டு மாங்காய் வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. தேங்காய்ப் பால் பாயசத்தில் நெய்யில் வறுத்த முந்திரி விழுவதற்கு முன் ஒரு டம்ளர்.

கரண்டி மட்டும் கவனம். எடுக்கும் கரண்டி புதிதாகக் கழுவியதாக இருக்க வேண்டும். பொங்கலில் நெய் கிளறிய கரண்டியால் சாம்பாரை எடுத்தால் அந்தத் தூக்கு பயன்படாது.

கடைசியில் சேராமல் முதலிலேயே சேர்ந்துவிடும் இடங்களும் உண்டு. அவற்றில் எடுத்து வைக்க வழி இல்லை, சொன்னால் போதும். கேசரி ரவை நெய்யில் வறுபட்டுவிடுகிறது. ரவா தோசை மாவு புளித்த மோரில் கரைக்கப்படுகிறது. பரோட்டா மாவில் பல இடங்களில் பால் அல்லது பட்டர். பிரியாணியில் தயிர், அதிலும் கறி ஊறும்போதே. சிக்கன் 65 மசாலாவிலும் பல இடங்களில் தயிர். வெண்ணெய் முறுக்கு, சீடை, தட்டை எல்லாவற்றிலும் மாவிலேயே வெண்ணெய் பிசைந்திருக்கும்.

இவற்றையெல்லாம் நாங்கள் யூகித்துவிடுவோம். யூகிக்க முடியாதது வாழைப்பூ. நறுக்கியதும் கறுக்காமல் இருக்க மோரில் போடுகிறீர்கள், வாழைத்தண்டும் அப்படியே. பிழிந்து எடுத்துப் பருப்பு உசிலியோ வடையோ செய்தால் மோரின் வாசனைகூட இருக்காது. ஆனால் நறுக்கிய ஒவ்வொரு துண்டிலும் கேசீன் ஊறியிருக்கும். கறுப்பதற்குக் காரணம் வெட்டிய இடத்தில் காற்றுப் படுவது. மோரில் உள்ள புளிப்புதான் அதைத் தடுக்கிறது, பால் அல்ல. ஆகவே நீர்க்கக் கரைத்த புளித்தண்ணீரும் அதே வேலையைச் செய்யும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு எலுமிச்சங்காய் அளவு புளி போதும். மொத்த வாழைப்பூவையும் புளித்தண்ணீரிலேயே போட்டுவிட்டால் தனியாக எடுத்து வைக்கும் வேலையும் மிச்சம். இந்த மடலில் உள்ளதில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள் என்போம். மோர் மிளகாயை ஏன் ஒதுக்குகிறோம் என்பதற்கு அதன் பெயரே விளக்கம்.

பெயர்களை நம்பவும் முடியாது. பட்டர் பீன்ஸில் பட்டர் இல்லை, தேங்காய்ப் பாலில் பால் இல்லை, கோகோ பட்டரும் கோகோ விதையின் கொழுப்புதான். ஆனால் நம் ஊரில் வரவேற்பில் கொடுக்கும் பாதாம் பால் பசும்பாலில் பாதாம் கலந்தது. வெளிநாட்டில் இருந்து வந்த உறவினர் அதைப் பாதாமை அரைத்துப் பிழிந்த பால் என்று நினைத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. அந்தக் கவுண்டரில் "பசும்பால்" என்று ஒரு அட்டை வைத்தால் போதும்.

லைவ் தோசைக் கவுண்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சாதா தோசை மாவில் பால் கிடையாது. அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு. "எண்ணெய் மட்டும் விட்டு ஒரு சாதா" என்று கேட்டு வாங்குகிறோம். இப்போது கல்லைப் பாருங்கள். ஒரு நெய் ரோஸ்ட் எடுத்ததும் மாஸ்டர் தண்ணீர் தெளிக்கிறார், சுருக்கென்று ஆவி எழுகிறது, துடைப்பத்தால் ஒரு தள்ளு. பிறகு பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லை ஒரு சுற்றுத் தேய்க்கிறார். அந்த வெங்காயம் காலையிலிருந்து அதே வெங்காயம். நெய் ரோஸ்ட், பட்டர் மசாலா, சீஸ் தோசை எல்லாவற்றின் மிச்சமும் அதன் முகத்தில் இருக்கிறது. துடைப்பக் குச்சியிலும் இருக்கிறது. தண்ணீர் தெளித்தால் சூட்டில் எல்லாம் எரிந்துவிடும் என்பது சரியல்ல. அந்த ஆவி கல்லைக் குளிர வைக்கிறது. புரதம் கருகிக் கல்லின் நுண்துளைகளில் பிடித்துக்கொள்கிறது, அடுத்த தோசையின் அடியில் ஏறுகிறது.

தனிக் கல் கேட்கிறோமா? இல்லை. காலை ஆறு மணிக்குக் கல் சூடானதும், முதல் நெய் ரோஸ்ட்டுக்கு முன்னால், புது வெங்காயம் வைத்து எங்களுக்கு நான்கு தோசை வார்த்து வாழையிலையில் சுற்றிக் கொடுத்துவிடுங்கள். கல்லை முந்தின நாள் சோப்புத் தூளும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தால் நல்லது. ஈரத்துணியால் துடைத்தால் புரதம் இடம் மாறுமே தவிரப் போகாது. கைக்கும் அதேதான்: சானிடைசர் கிருமியைக் கொல்லும், புரதத்தை எடுக்காது, சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் எடுக்கும். தோசைக்கு வழியில்லை என்றால் இட்லி போதும், தட்டில் துணியோ நல்லெண்ணெயோ இருக்கட்டும், நெய் தடவ வேண்டாம். தேங்காய்ச் சட்னியில் தயிர் சேர்க்கும் பழக்கம் உண்டா, அரைத்த மிக்ஸியில் அதற்கு முன் லஸ்ஸி அடித்தார்களா என்று மட்டும் சொல்லுங்கள்.

எண்ணெய்ச் சட்டிக்கும் இதே வரிசை. அப்பளம், மெதுவடை, வாழைக்காய் பஜ்ஜி முதலில். பனீர் பக்கோடா, சீஸ் உருண்டை பிறகு. முந்தின விசேஷத்தில் வடிகட்டி வைத்த எண்ணெய் என்றால் அந்த அப்பளம் எங்களுக்கு வேண்டாம். வருத்தப்படவும் மாட்டோம்.

சமையலறையில் எல்லாம் சரியாகச் செய்தும் பந்தியில் கெடுவது உண்டு. இலை போட்டதும் ஓரத்தில் பாயசம் விழுகிறது. அது ஓடிப் போய் வறுவலைத் தொடுகிறது. சோறு விழுந்து பருப்பு வந்ததும் நெய்க்கிண்ணத்தோடு ஒருவர் வருகிறார். யாரிடமும் கேட்கும் வழக்கம் இல்லை, கேட்டால் கஞ்சத்தனம் என்று நினைப்பார்கள் என்ற பயம். இலையின் மேல் கையை விரித்து மறைத்தால் "கொஞ்சம்தான் தம்பி" என்று விரலுக்கு இடையில் சொட்டிவிடும். விருந்தோம்பல்தான், புரிகிறது. சோற்று வாளியில் இருக்கும் அன்னக்கரண்டி தயிர்ச் சோற்றுக்கும் போய் வருகிறது. ரச வாளியும் மோர் வாளியும் ஒரே கையில் வருகின்றன.

இதற்குச் சுலபமான வழி, எங்களை வரிசையில் உட்கார்த்திப் பரிமாறாமல் இருப்பதுதான். முதல் பந்திக்குக் கால் மணி நேரம் முன்னால், ஒதுக்கி வைத்த தூக்கை எங்கள் கையில் கொடுத்துவிடுங்கள். நாங்களே இலை போட்டுக்கொள்கிறோம். பந்தியில் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் வற்புறுத்தினால், வரிசையின் முதல் இலை எங்களுக்கு. பாயசமும் நெய்யும் அந்த இலையைத் தாண்டித் தொடங்கட்டும். அந்த இலையை மடித்து எடுப்பவருக்கும் சொல்லி வையுங்கள், காலியாக இருக்கிறதே என்று கடைசியில் ஓடிவந்து நெய் மைசூர்பாகு வைப்பவர் எப்போதும் ஒருவர் இருப்பார்.

வெளியில் வாங்கும் சரக்கு பற்றிச் சுருக்கமாக. இந்திய உணவுப் பாதுகாப்பு தர ஆணையத்தின் 2020 லேபிள் விதிகளின்படி பாக்கெட்டில் பால் இருந்தால் தனியாகக் குறிப்பிட வேண்டும். எனவே பாக்கெட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்து எங்களிடம் காட்டினாலே பாதி வேலை முடிந்தது. பிரெட், பன், பிஸ்கட், சூப் பவுடர், சிப்ஸ் மசாலா பலவற்றில் பால் பவுடரோ வே பவுடரோ இருக்கும். "நான் டெய்ரி" என்று போட்டிருக்கும் காபி கிரீமரிலும் கேக்குக்கு அடிக்கும் கிரீமிலும் சோடியம் கேசினேட் என்று சின்ன எழுத்தில் இருக்கலாம். மேலே சொன்ன கேசீன் என்ற பால் புரதம்தான் அது. பச்சைப் புள்ளி சைவம் என்று மட்டும் சொல்லும், பால் இல்லை என்று சொல்லாது. இலையோடு 'வி' எழுத்துப் போட்ட வீகன் முத்திரை, 2022 விதிகளில் வந்தது, பால் பொருள் சேர்க்கவில்லை என்கிறது. அதே தொழிற்சாலையில் பால் ஓடியதா என்பதற்கு "பால் இருக்கலாம்" என்ற வரியையும் பார்க்க வேண்டும். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை உள்ள உணவகங்கள் மெனுவிலேயே ஒவ்வாமைப் பொருளைக் குறிக்க வேண்டும் என்று அதே 2020 விதிகள் சொல்கின்றன. ஆயிரம் இலை போடும் ஒரு கல்யாணத்துக்கு அப்படி ஒரு அட்டையை நாங்கள் இதுவரை கண்டதில்லை.

ஒரு கேள்வி உங்களுக்கு வரும். "போன தடவை அந்தப் பையன் பிஸ்கட் தின்றானே, அதிலும் பால் உண்டே?" உண்மைதான். கோதுமை மாவோடு சேர்ந்து ஓவனில் நீண்ட நேரம் வெந்த பால் சில பிள்ளைகளுக்குத் தாங்கும். டாக்டர் மேற்பார்வையில் பிஸ்கட், பிறகு கேக், பிறகு தோசையில் சீஸ் என்று படிப்படியாக ஏற்றுவது உண்டு. பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காலப்போக்கில் சரியாகியும் விடும். ஆனால் அந்தப் படியில் பிள்ளை எங்கே நிற்கிறான் என்பது அவன் அம்மாவுக்குத்தான் தெரியும். பிஸ்கட் தின்கிறான் என்பதற்காகப் பந்தியில் ஒரு வாய் தயிர்ச் சோறு கொடுத்துப் பார்க்க வேண்டாம்.

தெரியாவிட்டால் "தெரியாது" என்று சொல்லுங்கள். இது எங்களுக்கு மிகவும் உதவும் பதில். "இருக்காதுன்னு நினைக்கிறேன்" என்பதை வைத்துக்கொண்டு நாங்கள் எதையும் முடிவு செய்ய முடியாது.

எப்படியோ தவறு நடந்துவிட்டால்: மூச்சு இளைக்கிறது, குரல் கம்முகிறது, நாக்கு தடிக்கிறது, தலைசுற்றிச் சாய்கிறார் என்றால் முதலில் வேண்டியது அட்ரீனலின் ஊசி. பலரும் டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தையும் சிரிஞ்சையும் பையில் வைத்திருப்பார்கள். தொடையின் வெளிப்பக்க நடுவில், தசைக்குள் போட வேண்டும். சுற்றி நிற்பவர்களை விலக்கி இடம் கொடுங்கள். காலைச் சற்று உயர்த்திப் படுக்க வையுங்கள், மூச்சுத் திணறினால் உட்காரலாம், எழுந்து நடக்க மட்டும் விடாதீர்கள். திடீரென எழுந்தால் ரத்த அழுத்தம் இன்னும் விழும். 108-க்கு யாராவது ஒருவர் உடனே பேச வேண்டும். ஐந்து நிமிடத்தில் தேறவில்லை என்றால் இரண்டாவது ஊசி. அலர்ஜி மாத்திரை அரிப்பைக் குறைக்கும், அடைக்கும் தொண்டையைத் திறக்காது. அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் ஆபத்து. வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், மோர் கொடுத்துச் சமாதானம் செய்யவே வேண்டாம். தேறிவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும், சில மணி நேரத்தில் மறுபடி வரலாம்.

இனி நடைமுறை. ஆர்டர் எடுக்கும் தாளில் "எத்தனை இலை", "ஜெயின் சாப்பாடு எத்தனை" என்று கேட்கிறீர்கள் அல்லவா, அதற்குக் கீழே "பால், தயிர், நெய் இல்லாமல் எத்தனை பேர்" என்று ஒரு வரி. கல்யாண வீட்டார் மறந்தாலும் அந்த வரி அவர்களைக் கேட்கும். பெயர் எழுதி மாஸ்டர் கையில் கொடுத்துவிட்டால் மீதியை முகூர்த்தத்துக்கு முந்தின இரவு காய் நறுக்கும் நேரத்தில் வந்து நாங்களே பேசிக்கொள்கிறோம். வாழைப்பூ எதில் ஊறுகிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

தூக்கு எங்களுடையது. சோப்புப் போட்டுக் கழுவி, மூடியில் பெயர் ஒட்டிக் கொண்டுவருகிறோம். காலை டிபனுக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று. கரண்டியும் உள்ளேயே இருக்கும்.

இப்படிக்கு,
பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளின் பெற்றோரும், பெரியவர்களும்